இரவு பத்து மணி வரை திறந்திருந்த கதவு

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஒரு பெண். அமெரிக்காவிலிருந்து வந்தவர். பெயர் கிரேஸ் மெக்கான் மார்லி. 1960 முதல் 1966 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதன் பிறகும் ஊர் திரும்பவில்லை. 1985 ஜனவரியில் டெல்லியிலேயே இறந்தார். இந்திய அருங்காட்சியகத் துறையினர் அவரை 'மாதாஜி' என்று அழைத்தார்கள். அன்பாகத்தான் அழைத்தார்கள், மரியாதையாகத்தான் அழைத்தார்கள். ஆனாலும் அந்தச் சொல்லில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. அம்மா என்று அழைக்கப்பட்டதும் ஒரு பெண்ணின் வேலைக்கு என்ன ஆகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எங்கள் பக்கம் கலெக்டரம்மா, டாக்டரம்மா, டீச்சரம்மா உண்டு. டாக்டரப்பா கிடையாது. ஆண் டாக்டர் வெறும் டாக்டர்தான். அவர் படிப்பே அவருக்குப் போதும். பெண்ணின் படிப்புக்குப் பின்னால் ஒரு உறவுமுறையை ஒட்டினால்தான் ஊருக்கு நிம்மதி. ஒட்டிய பிறகு அவள் செய்கிற எதுவும் அறிவின் கணக்கில் சேராது, பாசத்தின் கணக்கில் போய்விடும். அம்மா சமைத்தாள் என்றால் யாரும் செய்முறையைக் கேட்டு எழுதிவைப்பதில்லை. மார்லிக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

தமிழில் கலை வரலாறு படிக்க வருகிற மாணவிக்கு முதலில் கிடைக்கும் பெயர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர், யாழ்ப்பாணத் தமிழரான முத்து குமாரசாமியின் மகன். 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திற்குப் போய், 1947இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். அடுத்த பெயர் சி. சிவராமமூர்த்தி. சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கி, கல்கத்தா வழியாக டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் பதவி வரை போனவர். அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இலும் நடராசரைப் பற்றி 1974இலும் அவர் எழுதிய நூல்கள் இன்றைக்கும் மேசையில் இருக்கின்றன. இருவரும் பெரிய அறிஞர்கள், அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. சிவராமமூர்த்தி அமர்ந்த அதே நாற்காலியில் அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த பெண்ணின் பெயர் ஏன் நம் பாடங்களில் வருவதில்லை என்பதுதான் என் வழக்கு.

அவர்கள் புத்தகம் எழுதினார்கள், மார்லி நிறுவனம் கட்டினார் என்று இதற்கு ஒரு எளிய பதில் உண்டு. புத்தகத்தின் முகப்பில் ஆசிரியர் பெயர் இருக்கும். ஒரு சிலையின் மேல் விளக்கு எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்று தீர்மானித்தவரின் பெயர் எங்கும் இருக்காது. புத்தகத்தின் முகப்பையும் முழுதாக நம்பிவிட முடியாது. 1908இல் வெளிவந்த குமாரசாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கைவினைஞர்களைத் தேடி இலங்கை முழுக்க அவருடன் அலைந்து, அந்த நூலுக்கான புகைப்படங்களை எடுத்தவர் அவருடைய முதல் மனைவி எத்தல். பின்னாளில் எத்தல் மெய்ரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் முக்கியமான கைத்தறி நெசவாளராக அறியப்பட்டவர். முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அதை எழுதச் செய்த கண் இன்னொருத்தியுடையது.

இனி மார்லியின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

1900 நவம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் மெக்கான். மார்லி திருமணத்தால் வந்த பெயர். பெர்க்லியிலேயே பட்டம் பெற்று, 1926இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தார். மொழி கற்பிக்கும் ஆசிரியையாகவே காலத்தை முடித்திருக்கலாம். ஆனால் 1930இல் சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகச் சேர்ந்தார். 1935 ஜனவரியில் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. இருபத்து மூன்று ஆண்டுகள், 1958 வரை, அங்கே இருந்தார்.

ஆண்டை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். 1935, பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே வேலையில்லாதவர்கள் வரிசையில் நின்ற காலம். முந்தைய ஆண்டுதான் அதே சான் பிரான்சிஸ்கோவில் துறைமுகத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்திருந்தார்கள். அந்த ஊரில், ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், நவீன ஓவியங்களுக்கு ஒரு இடம். யார் வந்து பார்ப்பார்கள்?

மார்லி நேரத்தை மாற்றினார். அருங்காட்சியகத்தை நண்பகலில் திறந்து இரவு பத்து மணி வரை வைத்திருந்தார். பகலெல்லாம் வேலையில் இருப்பவர்கள் மாலையில் வரட்டும் என்பதுதான் காரணம். கேட்பதற்குச் சின்ன ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் அலுவலக நேரத்தில் திறந்து அலுவலக நேரத்தில் மூடுகிற நிறுவனம், வேலைக்குப் போகாதவர்களுக்காகவும், வேலை நேரத்தில் வெளியே வர அதிகாரம் உள்ளவர்களுக்காகவும் மட்டுமே திறந்திருக்கிறது. அது அனுமதி இலவசம் என்று பலகை வைத்தாலும் அப்படித்தான். கட்டணம் வாங்காமலேயே ஆட்களை வெளியே நிறுத்துவதற்கு நேரத்தைப் போல நல்ல பூட்டு வேறில்லை.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று நெமிலியில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் நிற்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கிற லைனில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். இருட்டின பிறகு அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அரசு அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். திறந்திருக்கின்றன. ஆனால் ஞாயிறு என்பது ஒரு வாரத்துத் துணி, ஒரு வாரத்து மாவு, ஒரு வாரத்துக் கல்யாணம், சாவு எல்லாம் சேர்ந்து உட்காருகிற நாள். ஆணின் ஞாயிறும் பெண்ணின் ஞாயிறும் ஒரே நீளமுள்ளவை அல்ல. வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. என் வகுப்பில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு ஆண்டு கேட்டேன். கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்கள் நிறைய. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் அதைவிட நிறைய. அருங்காட்சியகத்துக்குள் போனவர்கள் நான்கு பேர். அவர்களும் பள்ளிக்கூடத்தில் அழைத்துப்போனதால் போனவர்கள். மாணவிகளுக்கு ஆர்வம் இல்லை என்று இதற்குப் பொருள் சொல்வது எளிது. மார்லியைப் படித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

சான் பிரான்சிஸ்கோவில் அவர் செய்தவற்றில் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஜாக்சன் பொல்லாக்குக்கு 1945இலும் மார்க் ரோத்கோவுக்கு 1946இலும் அங்கே தனிக்காட்சி நடந்தது. பின்னால் உலகப் புகழ் பெற்ற அந்த ஓவியர்கள் அப்போது பெரும்பாலோருக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள். தொலைக்காட்சி புதிதாக வந்த 1950களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தின் சார்பில் கலை நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. தென்னமெரிக்க ஓவியங்களைத் தேடிச் சேகரித்தார். அமெரிக்க நவீன ஓவியத்தின் வரலாறு எழுதப்பட்டபோது பொல்லாக்கும் ரோத்கோவும் நாயகர்கள் ஆனார்கள். நியூயார்க் தலைநகரமாயிற்று. சுவரில் முதலில் இடம் கொடுத்தவர் அடிக்குறிப்பானார்.

அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஃப்ரிடா காலோ 1931இல் வரைந்த ஒரு ஓவியம் இருக்கிறது. மார்லி இயக்குநராக இருந்த 1936இல் ஆல்பர்ட் பெண்டர் என்பவர் நன்கொடையாகக் கொடுத்தது. ஃப்ரிடாவும் அவர் கணவர் டியேகோ ரிவேராவும் கைபிடித்து நிற்கிறார்கள். வண்ணத்தட்டும் தூரிகைகளும் ரிவேராவின் கையில் இருக்கின்றன. ஃப்ரிடா சால்வை போர்த்திய மனைவியாக, தலை சாய்த்து நிற்கிறார். இந்தப் படத்தை வரைந்தது யார்? தூரிகை இல்லாமல் நிற்கிறவள்தான். பெண்களின் உழைப்பைப் பற்றி வகுப்பெடுக்கும்போது நான் கோட்பாட்டை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் இந்தப் படத்தைக் காட்டுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ பணிக்கு நடுவிலேயே, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, யுனெஸ்கோவின் அருங்காட்சியகப் பிரிவைத் தொடங்கி நடத்தும் பொறுப்பும் மார்லியிடம் வந்தது. அருங்காட்சியகங்களுக்கான யுனெஸ்கோ இதழ் 1948இல் தொடங்கியபோது அதன் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. 1958இல் சான் பிரான்சிஸ்கோவை விட்டார். நியூயார்க்கின் கக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் துணை இயக்குநராகக் கொஞ்ச காலம் இருந்தார். இயக்குநராக இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தவருக்குத் துணை இயக்குநர் நாற்காலி என்பதைக் கவனியுங்கள். பிறகு, அறுபதாவது வயதை எட்டும் நேரத்தில், இந்தியாவுக்கு வந்தார். நம் வீடுகளில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று பெண்களிடம் சொல்கிற வயது அது.

அவர் வந்த இடத்தின் கதையில் நம் பக்கத்து ஆட்கள் இருவர் வருகிறார்கள். 1947-48 குளிர்காலத்தில் லண்டனில் இந்தியக் கலைக்காட்சி ஒன்று நடந்தது. நாடெங்கிலுமிருந்து கடன் வாங்கி அனுப்பிய சிலைகளும் ஓவியங்களும் திரும்பி வந்தபோது, இவற்றை வைத்தே ஒரு தேசிய அருங்காட்சியகம் தொடங்கலாம் என்ற யோசனை எழுந்தது. 1949 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையின் அறைகளில் அதைத் திறந்துவைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. 1955இல் நேரு புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1960 டிசம்பர் 18இல் அந்தக் கட்டடத்தைத் திறந்தவர் துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன்; எங்களுக்குப் பக்கத்து ஊரான திருத்தணியில் பிறந்து, வேலூர் ஊரீசுக் கல்லூரியில் படித்தவர். திறப்பு விழாவின் கல்வெட்டில் திறந்தவர் பெயர் இருக்கும், அது வழக்கம். திறக்கும் நிலைக்கு உள்ளே எல்லாவற்றையும் அடுக்கிவைத்தவர் சில மாதங்கள் முன்னால் வந்து சேர்ந்த மார்லி.

அந்தக் காலத்து இந்திய அருங்காட்சியகம் பெரும்பாலும் கிடங்குதான். கண்ணாடிப் பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள், எண் மட்டும் ஒட்டியிருக்கும். மார்லி பொருளுக்குப் பொருள் இடம் விட்டார். விளக்கைத் திருத்தினார். பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிற இடமாக அருங்காட்சியகத்தை ஆக்க வேண்டும் என்று ஓயாமல் வலியுறுத்தினார். 1966க்குப் பிறகு உலக அருங்காட்சியகங்கள் மன்றத்தின் ஆசிய மண்டல அலுவலகத்தை டெல்லியில் இருந்தபடி 1978 வரை நடத்தினார். எத்தனையோ நாடுகளின் அருங்காட்சியக ஊழியர்களுக்குப் பயிற்சி கிடைக்க வழிசெய்தார். 1982இல் இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது. எண்பது வயதைத் தாண்டியும் வேலை பார்த்த ஒரு நிபுணரைத்தான் நாம் மாதாஜி என்கிறோம்.

மார்லியைக் கொண்டாடுவதோடு நான் நிறுத்தப்போவதில்லை. அவரிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம், சுற்றிலும் வெற்றிடம், நடுவே ஒரு சிலை. சான் பிரான்சிஸ்கோவில் நவீன ஓவியத்துக்குப் பழகிய இந்த முறையை மார்லி டெல்லிச் சிற்பங்களுக்கும் கொண்டுவந்தார். இதனால் சிலை அழகாகத் தெரிந்தது. ஆனால் அழகு தவிர மற்றதெல்லாம் கழன்றுபோயிற்று. சோழர்காலச் செப்புத்திருமேனிகளைப் பற்றி நெடுங்காலமாக எழுதிவரும் வித்யா தெகேஜியா இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்: கோயிலில் பட்டும் பூவும் நகையும் சாத்தி, தோளில் தூக்கி வீதிக்குக் கொண்டுவரப்பட்ட திருமேனியை அருங்காட்சியகத்தில் நாம் வெறும் உலோக உடலாகப் பார்க்கிறோம். தெகேஜியா வாஷிங்டனின் ஃப்ரீயர், சாக்லர் அருங்காட்சியகங்களில் உயர் பொறுப்பில் இருந்தவர். இந்தியக் கலையில் உடலையும் பாலினத்தையும் பற்றி அவர் தொகுத்த நூலை 1997இல் வெளியிட்டது காளி ஃபார் விமன் என்ற பெண்ணியப் பதிப்பகம். தேசிய அருங்காட்சியகம் எப்படி 'தேசம்' என்ற கதையைச் சொல்கிறது என்று விரிவாக ஆராய்ந்த இன்னொரு பெண் கவிதா சிங். 2023இல் அவரை இழந்துவிட்டோம். மார்லி போட்ட வெளிச்சத்தில் நின்றுகொண்டு, அந்த வெளிச்சம் எதை மறைக்கிறது என்று கேட்டவர்கள் இவர்கள். ஒரு பெண்ணின் வேலையை இன்னொரு பெண் விமர்சிப்பதுதான் அதை அறிவாக மதிப்பதற்கு அடையாளம். அம்மாவை யாரும் விமர்சிப்பதில்லை. ஒன்று கும்பிடுகிறோம், இல்லையென்றால் மறந்துவிடுகிறோம்.

இந்த விமர்சனத்தின் பொருள் எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரக்கோணத்தைத் தாண்டினால் திருவாலங்காடு. அங்கிருந்து கிடைத்த நடராசர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். அந்த ஆட்டத்தை ஆலங்காட்டில் இருந்து பாடியவள் காரைக்கால் அம்மையார். அழகையும் இளமையையும் வேண்டாமென்று உதறி, பேயுருவை விரும்பி வாங்கிக்கொண்ட புலவர். கையில் தாளத்தோடு வற்றிய உடம்போடு அவர் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற சோழர்காலச் செப்புத்திருமேனி ஒன்று அமெரிக்காவின் கான்சஸ் நகரத்தில், நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆட்டம் எழும்பூரில், பாட்டு கான்சஸில். இரண்டும் ஒரே கோயிலின் சிலைகள் என்று நான் சொல்லவில்லை. ஒரே கவிதையின் இரு பாதிகள் என்று சொல்கிறேன். ஒன்றைத் தனியாக நிறுத்தி ஒளியூட்டும்போது, அதைப் பார்த்துச் சொன்ன பெண் அறையை விட்டு வெளியே போய்விடுகிறாள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. உயிரியல் பூங்கா 'உயிர் காலேஜ்'. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. 1851இல் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர்தான் 1855இல் அங்கேயே விலங்குகளையும் வைத்தார். படிக்காதவர்கள் வைத்த பெயர் என்று இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது கூர்மையான விமர்சனமாகப் படுகிறது. காலேஜ் என்றால் கற்கிற இடம். கற்க வந்தோம், உள்ளே எல்லாம் செத்துக் கிடக்கிறது என்கிறது அந்தப் பெயர். அதே அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நிர்வகித்தவர் எட்கர் தர்ஸ்டன். மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடைத்தவர். தோல் வேலை செய்த சாதிகளும் அந்தத் தொகுதிகளில் 'பதிவு' ஆயின. உழைக்கிற மனிதர் அருங்காட்சியகத்துக்கு அப்போது அளக்க வேண்டிய பொருள். சில பத்தாண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் ஒரு பெண் இயக்குநர், அந்த மனிதருக்கு வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டு, அதை வைத்து அருங்காட்சியகத்தை அளந்தார். இரண்டு இயக்குநர்களுக்கு இடையே உள்ள தூரம் இதுதான். நமக்கு எந்த மரபு வேண்டும் என்று தேர்ந்துகொள்ள இந்தத் தூரம் போதும்.

இன்னொரு கேள்வி விளக்கப்பலகையைப் பற்றியது. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் கீழே இருக்கும் நான்கு வரிகளை நான் ஒரு இலக்கிய வகையாகவே பார்க்கிறேன். 'உமை, செம்பு, சோழர், 11ஆம் நூற்றாண்டு.' இதில் யார் பெயர் இருக்கிறது? அரசவம்சத்தின் பெயர். வார்த்தவர் பெயர் இல்லை. மெழுகு பிசைந்தவர், மண் பூசியவர், உலை ஊதியவர் யாரும் இல்லை. நெமிலிக்கு அருகே மகேந்திரவாடியில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டில் ஊருக்கும் மகேந்திரன் பெயர், ஏரிக்கும் மகேந்திரன் பெயர், கோயிலுக்கும் மகேந்திரன் பெயர். ஒரே பாறையில் மூன்று முறை. உளி பிடித்த கைக்கு ஒரு முறையும் இல்லை. காவேரிப்பாக்கத்தில் கிடைத்த சிற்பங்கள் எழும்பூரில் இருக்கின்றன. அவற்றின் பாணியை வைத்து ராஷ்டிரகூடர் தாக்கத்தைச் சிவராமமூர்த்தி அருமையாக எடுத்துக்காட்டினார். அரசர் படையெடுத்து வந்தார், பாணி வந்தது. பாணியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்பது கலை வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம்.

இப்போது ஒரு ஷூ பெட்டியை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பிராண்டின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், இந்தியாவில் தயாரானது என்று ஒரு வரி இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் இருக்காது. தைத்தவள் இருக்கவே மாட்டாள். ஆயிரம் ஆண்டு முன்பு வம்சத்தின் பெயர், இன்று பிராண்டின் பெயர். விளக்கப்பலகையின் இலக்கணம் மாறவில்லை. ஒரு இயக்குநரின் பெயரை மாதாஜி என்று கரைத்துவிட்டதும் இதே இலக்கணம்தான். மார்லிக்கும் லைனில் உட்காரும் பெண்ணுக்கும் வாழ்க்கையில் எந்த ஒப்புமையும் கிடையாது. ஒருத்தி உலகம் சுற்றிய வெள்ளைக்காரப் பெண். இன்னொருத்தி கம்பெனி பஸ் போகிற வழி தவிர வேறு வழி அறியாதவள். இருவரையும் நான் சமமாக்கவில்லை. இருவருடைய வேலையும் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். இரண்டும் பெயர் எழுதுகிற இடத்தில்தான் காணாமல் போகின்றன.

அதனால் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், நாற்பது சொற்களுக்குள் அதற்கு விளக்கப்பலகை எழுதுங்கள், செய்தவர் அல்லது பயன்படுத்தியவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். வெண்கலச் செம்பு வந்தது, உரல் வந்தது, அரிவாள்மனை வந்தது. ஒரு மாணவி பிளாஸ்திரிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தாள். தோல் தைக்கும்போது விரல் கிழியாமல் இருக்க அவள் அம்மா தினமும் காலையில் விரல்களில் சுற்றிக்கொண்டு போவது. பொருள், அளவு, பயன்படும் ஆண்டுகள் எல்லாம் எழுதியிருந்தாள். கடைசி வரியில் அம்மாவின் பெயர் இருந்தது, இன்னாருடைய மனைவி என்று இல்லாமல் பெயர் மட்டும். அந்தப் பலகையை வாசித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. எது காட்சிக்கு உரியது என்று முடிவெடுப்பதுதான் ஒரு இயக்குநரின் முதல் வேலை. அந்த வேலையைச் செய்யப் பதவி தேவைப்படவில்லை.

மாணவிகளுக்குச் சொல்ல விரும்புவது இது. கலை வரலாறு படியுங்கள்; அருங்காட்சியகவியல் படியுங்கள். அது நம் போன்றவர்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால், பிரெஞ்சு கற்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண் முப்பத்து நான்கு வயதில் ஒரு அருங்காட்சியகத்தையே தொடங்கினாள் என்று சொல்லுங்கள். வியன்னாவில் கலை வரலாறு படித்து, கல்கத்தாவில் வகுப்பெடுத்து, இந்தியக் கோயில் பற்றி 1946இல் இரண்டு தொகுதி நூல் எழுதி, பிறகு பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இந்தியப் பிரிவை வளர்த்த ஸ்டெல்லா கிராம்ரிஷைச் சொல்லுங்கள். நாட்டியத்தை இலக்கியத்தோடும் சிற்பத்தோடும் சேர்த்துப் படித்து, இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தைக் கட்டியெழுப்பிய கபிலா வாத்ஸ்யாயனைச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லும்போது முழுப்பெயரைச் சொல்லுங்கள். உறவுமுறை வேண்டாம்.

வேலூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எப்போது திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள்? பலகையில் உள்ள தமிழ், எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரிகிற தமிழா? செய்தவர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? வருகைப் பதிவேட்டில் கருத்து எழுத இடம் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது இரவு வரை திறந்துவையுங்கள் என்று அதில் எழுதுங்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இதைச் செய்து காட்டியிருக்கிறாள், புதிதாக எதையும் கேட்கவில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.